திருப்பித் தைத்த கோட்டு

அப்பா செத்த அன்றைக்குப் பெரியப்பா ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். அழுதுகொண்டு வரவில்லை. கத்தரிக்கோலோடு வந்தார்.

"தம்பிய கோட்டு போட்டுத்தான் அனுப்பணும். பெட்டியத் தொற" என்று அம்மாவிடம் சொன்னார்.

அப்பாவிடம் ஒரே ஒரு கோட்டு இருந்தது. அவருடைய கல்யாணத்துக்குத் தைத்தது. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். சைகோனிலிருந்து லீவில் வந்தபோது தம்பி கல்யாணத்துக்கென்று கருநீலக் கம்பளித் துணி கொண்டுவந்தாராம். அதை டவுனில் கொடுத்துத் தைத்தார்கள். அப்பா அதைக் கல்யாணத்துக்குப் போட்டார். எனக்கும் என் தம்பிக்கும் ஞானஸ்நானம் கொடுத்தபோது போட்டார். அப்புறம் எப்போதாவது கிறிஸ்மஸ் பூசைக்கு. மில்லில் தறி ஓட்டுகிறவருக்குக் கோட்டு எதற்கு? ரொம்ப வருஷம் அது ஜன்னலோர ஆணியில் வெயிலில் தொங்கியது, அப்புறம் அந்துருண்டை போட்ட டிரங்குப் பெட்டிக்குப் போனது.

செத்தவருக்குக் கோட்டு மாட்டுவது சுலபமில்லை. கை மடங்காது. அதனால் முதுகுப் பக்கம் காலரிலிருந்து அடி வரைக்கும் கத்தரித்து, இரண்டு பாதியாக முன்பக்கம் வழியாக மாட்டி, ஓரத்தை உடம்புக்கு அடியில் சொருகிவிடுவார்கள். மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வேறு வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பா மார்ச்சளியில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தபோது, அடுத்த தெருவில் இருந்த இந்தப் பெரியப்பா ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. "மில்லுல பஞ்ச முழுங்கி ஒடம்பக் கெடுத்துக்கினான், அதுக்கு நான் இன்னா பண்றது" என்று அவர் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. அந்த ஆள் கத்தரிக்கோலை விரித்துக்கொண்டு கோட்டின் காலரைப் பிடித்தபோது நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"வெட்டாதீங்க."

"வுடு. இது என் தம்பிக்கு நான் குடுத்த துணி."

"குடுத்தாச்சில்ல? அப்புறம் இன்னா?"

"அநாதப் பொணம் மாதிரி வேட்டி சட்டையோட அனுப்பச் சொல்றியா?"

"உசுரோட இருந்தப்ப அநாதயா வுட்டுட்டு இப்பக் கத்திரி புடிச்சிகினு வந்துட்டீங்களா?"

வீடு முழுக்க ஆள். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அம்மா என்னைப் பிடித்து இழுத்தாள். நான் கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிப்போய் அரிசிப் பானைக்குப் பின்னால் திணித்தேன். அப்பாவை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு புதைத்தோம். பெரியப்பா கல்லறைத் தோட்டத்தில் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் திரும்பவில்லை.

எதற்காகப் பிடுங்கினேன் என்று யார் கேட்டிருந்தாலும் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கோட்டை வைத்து எதுவும் செய்ய நினைக்கவில்லை. அவர் கை அதில் படக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பா இருந்தபோதே எனக்கு அரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு வருஷத் துக்கம் முடியட்டும் என்று அம்மா கேட்டாள். அவர்கள் முடியாது என்றார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது, அது தொடங்குவதற்குள் நடத்தணும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா பயந்து சரி என்றுவிட்டாள். கறுப்புப் புடவையோடு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு கல்யாணப் பேச்சு பேசினாள். எனக்கு இந்தக் கல்யாணத்தின் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனால் நின்றுபோனால் அம்மா தாங்க மாட்டாள் என்று தெரியும்.

மாமியார் ஆகப்போகிறவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச வந்தாள். உட்கார்ந்ததும் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். நான் ஊதுவத்தி உருட்டும் கொட்டகையில் வேலை செய்கிறவள். எவ்வளவு தேய்த்தாலும் கரி மாவு நக இடுக்கில் நிற்கும். காபி கொடுத்தபோது என் விரலைப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வாங்கினாள்.

"எங்க பக்கம் மாப்பிள்ள, அவங்க அப்பா, தாய்மாமன் எல்லாம் கோட்டுதான். பொண்ணக் கையப் புடிச்சிக் கோயிலுக்குள்ள கூட்டியார்றவரும் கோட்டுலதான் வரணும். நாலு பேரு பாப்பாங்க. அதான் உங்க பெரியவரு சொல்தா இருக்காரே, அவருகிட்டப் பேசிட்டோம். வர்றேன்னுட்டாரு."

எங்களைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள். அம்மா தலையை ஆட்டினாள்.

"என்னத் தம்பிதான் கூட்டிகினு வருவான்" என்றேன்.

தம்பி வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். பதினேழு வயது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற வேலை. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த ஈர்க்குச்சியா? இன்னா போட்டுகினு வருவான், கிரீசு டவுசரா?"

"கோட்டு போட்டுகினு வருவான்."

"யாரு கோட்டு? எரவல் கோட்டா? எங்க சொந்தத்துல ஒருத்தன் அப்படித்தான் வந்தான். கை உள்ள இருக்குதா வெளிய இருக்குதான்னே தெர்ல. வவ்வாலு தொங்குனாப்ல நின்னான். போட்டோவப் பாத்தா இன்னிக்கும் சிரிப்பாங்க." அம்மா பக்கம் திரும்பினாள். "சம்பந்தி, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். அளவெடுத்துத் தச்சி, ஒடம்புல ஒட்டினாப்ல ஒரு கோட்டு இருந்தா உங்க புள்ளயே வரட்டும். இல்லன்னா பெரியவருதான். அப்புறம் கோயில் வாசல்ல வந்து மூக்க சிந்தக் கூடாது."

அவள் போனதும் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். பெரியப்பா வந்தால் என்ன குறைந்துபோகும் என்றாள். அப்பாவின் இடத்தில் அந்த ஆளா? அப்பா இருமிக்கொண்டே கேட்டது எனக்குத்தான் தெரியும். "அண்ணன் வந்தாரா?" என்று காலையில் கேட்பார். சாயங்காலமும் கேட்பார். ஒரு நாள் நான் "வந்தாரு, நீ தூங்கினு இருந்தே" என்று பொய் சொன்னேன். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை வாங்காத மனுஷன் என் கையைப் பிடிக்கக் கூடாது.

புதுத் துணி வாங்க வழியில்லை. அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மறுபடி பெட்டிக்குப் போயிருந்த அப்பா கோட்டை எடுத்தேன். தோள் இரண்டும் வெளிறிப்போயிருந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் தேய்ந்து பளபளத்தது. தம்பிக்கு மாட்டிப் பார்த்தேன். மாமியார் சொன்ன வவ்வால்தான்.

டவுனில் கண்ணாடி வைத்த தையல் கடைக்கு எடுத்துப் போனோம். அங்கே இருந்தவர் கோட்டைத் தொடவே இல்லை. "ஆல்ட்ரேசன் பண்றதில்ல" என்றார். என் கையைப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்களுக்கு அடுத்த கடை" என்றும் சொன்னார். தம்பி வெளியே வந்து, "போலாங்க்கா, இன்னாத்துக்கு அசிங்கப்பட்டுகினு" என்றான். நான் அவன் மண்டையில் ஒன்று வைத்தேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு வயசான டெய்லர் இருக்கிறார், பழைய கோட்டைத் திருப்பித் தைப்பார் என்று கொட்டகையில் ஒருத்தி சொன்னாள். திருப்பித் தைப்பதென்றால், தையலையெல்லாம் பிரித்து, துணியின் உள்பக்கத்தை வெளியே வைத்து மறுபடி தைப்பது. உள்பக்கம் வெயில் படாமல் லைனிங்குக்குள்ளேயே இருந்ததால் நிறம் புதுசாக இருக்கும்.

அந்த டெய்லர் வாய் மோசமான ஆள். கடைக்குள் நுழைந்ததும், "கைய அலம்பிட்டு வந்தியா?" என்றார் என்னை.

"அலம்பினதுதான். போவாது."

"அப்ப துணியத் தொடாத. தூர நில்லு."

கோட்டை மேஜையில் போட்டு, உள்ளே வெளியே புரட்டி, மோந்து பார்த்தார். "நல்ல துணி. இப்பல்லாம் கெடைக்காது. உங்களுக்கெல்லாம் எப்பிடிக் கெடச்சிது?" என்றார். நாங்கள் திருடிக்கொண்டு வந்த மாதிரி கேட்டார். எங்கப்பா கோட்டு என்றேன். தம்பியை நிற்க வைத்து அளவெடுத்தார். டேப்பை அவன் மார்பில் சுற்றி வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். "மூச்ச வுடுடா. பொணம் மாதிரி வெறச்சிகினு நிக்கற." தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

அப்புறம் எங்கள் கண் முன்னாலேயே கோட்டைப் பிரித்தார். பிளேடை வைத்து ஒவ்வொரு தையலாக அறுத்தார். கை தனியாக வந்தது. காலர் தனியாக வந்தது. லைனிங்கை உரித்ததும் உள்ளிருந்து அந்துருண்டை வாசனையும் அதற்கடியில் அப்பா போடும் மூக்குப்பொடி வாசனையும் வந்தது. சுவரோரம் சாய்ந்துகொண்டேன். உட்காரச் சொல்ல அவருக்கு மனசில்லை, நாற்காலியும் இல்லை.

தோளுக்குள் வைத்திருந்த பஞ்சை வெளியே இழுத்துப் போட்டார். ஒரு தோளில் மெல்லிசாக இருந்தது. இன்னொரு தோளில் அதைப்போல இரண்டு மடங்கு கனம்.

"உங்கப்பன் கோணத் தோளா?" என்றார்.

"இல்ல."

"இல்லன்னா இது இன்னாத்துக்கு? எடது தோளு எறங்கி இருக்கவனுக்குத்தான் இப்பிடி வெப்பாங்க. நீ பாத்ததில்லயா?"

நான் பார்த்ததில்லை. அவர் மகளாக இத்தனை வருஷம் இருந்தேன். அவரைத் தூக்கி உட்காரவைத்தேன், குளிப்பாட்டினேன், துடைத்துவிட்டேன். ஒரு தோள் இறங்கி இருந்தது எனக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு டெய்லர் அதை என்றைக்கோ பார்த்து, பஞ்சு வைத்து மறைத்திருக்கிறான். இந்த ஆள் அதைக் கண்டுபிடித்துக் கோணல் என்கிறான். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது. டெய்லர் பஞ்சைக் காலால் குப்பைப் பக்கம் தள்ளினார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

"அத எதுக்கு எடுக்கற? பூச்சி வெச்சிருக்கும்."

"எங்கப்பாது."

"பைத்தியம்" என்றார், தம்பியிடம்.

கல்யாண ஓலை கோயிலில் வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், அதற்குள் கோட்டு முடியணும். முதல் ஓலை வாசித்த அன்று பெரியப்பா பூசை முடிந்து சாமியாரிடம் போய், பெண்ணை நான்தான் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். சாமியார் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். நான் போய், "சாமி, என் தம்பி வருவான்" என்றேன். பெரியப்பா பல்லைக் காட்டிச் சிரித்தார். "வரட்டுமே, பாப்போம். இன்னாத்தப் போட்டுகினு வர்றான்னு பாப்போம்." பெரியப்பாவிடம் மூன்று சூட்டு இருக்கிறது. ஒவ்வொரு ஜூலை பதினாலு பிரெஞ்சு விழாவுக்கும் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவார்.

ட்ரையலுக்குப் போனோம். கோட்டு முழுக்க வெள்ளை நூலில் பெரிய பெரிய தையலாக ஓடியிருந்தது. ஒரு கைதான் வைத்திருந்தார். தம்பி போட்டுக்கொண்டு நின்றான். நிறம் அப்படியே புதுசு. இருட்டிக்கொண்டு மழை வருவதற்கு முன்னால் வானம் இருக்குமே, அந்த மாதிரி நீலம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா செத்தபிறகு அதுதான் முதல் தடவை. அது ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை.

"பாக்கெட்டு வலது பக்கம் இருக்குது" என்றான் தம்பி.

மேல் பாக்கெட்டு, கைக்குட்டை சொருகுவது. எல்லார் கோட்டிலும் இடது மார்பில்தான் இருக்கும். இது வலது மார்பில் இருந்தது.

"திருப்பினா அப்பிடித்தான் வரும்" என்றார் டெய்லர். "இடது வலதா பூடும், வலது இடதா பூடும். உள்ள இருக்கறது வெளிய வந்தா வேற எப்பிடி வரும்? பட்டன் காஜாவ மூடி இந்தப் பக்கம் வேற காஜா போட்டுடறேன், பொம்பள கோட்டு மாதிரி இருக்காது. பாக்கெட்ட மாத்த முடியாது. துணி வெட்டுப்பட்டுப் போச்சி."

"மொதல்லயே சொல்றதுதானே?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். திருப்பித் தைக்கச் சொல்லி வந்தது நீ."

"மூடிடுங்க."

"மூடினா தழும்பு மாதிரி தெரியும். அதுக்குப் பாக்கெட்டே தேவலாம். யாரு பாக்கப் போறா? கோட்டு போடாதவனுக்கு இதெல்லாம் தெரியாது."

கோட்டு போடாதவனுக்குத் தெரியாதுதான். போடுகிற ஒருத்தர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார்.

நான் அந்த ஆளை என்னென்னவோ திட்டினேன். எங்கள் வீட்டுப் பேச்சில் உள்ளதெல்லாம் வந்தது. அவர் வாயிலிருந்த குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத் திருப்பித் திட்டினார். பிரெஞ்சுக்காரனுக்கே தைத்த கை இது, ஊதுவத்திக்காரிகிட்ட வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் என்றார். எடுத்துக்கொண்டு போ என்று கோட்டைத் தூக்கி எறிந்தார். ஒரு கையில்லாத கோட்டை எங்கே எடுத்துக்கொண்டு போவது? கடைசியில் தம்பிதான் சமாதானம் பேசினான். "தாத்தா, நீங்க தைங்க. அவ கெடக்கறா" என்றான். என்னைக் கடைக்கு வெளியே தள்ளிவிட்டான்.

வரும் வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே, "எனக்குப் பாக்கெட்டப் பத்திக் கவல இல்லக்கா. நல்லா இருக்குது. மொதமொதல்ல ஒருத்தன் எனக்குன்னு அளவெடுத்துத் தைக்கறான்" என்றான். அவனுக்கு அதுவரை எல்லாம் அப்பாவின் பழைய சட்டைதான். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா பார்ப்பாரா மாட்டாரா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோட்டு முடிந்தது. அந்த வாய் மோசமான ஆளுக்குக் கை மோசமில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கை, மணிக்கட்டில் வந்து நின்றது, உள்ளே சட்டை ஓரம் கொஞ்சம் தெரிந்தது. முதுகில் தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடும் போல இருந்தது. அப்பா பேண்ட்டைப் பூச்சி அரித்திருந்ததால் பேண்ட்டை மட்டும் கறுப்பு டெரிகாட்டனில் தைத்தோம். தம்பி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தான். கண்ணாடியில் பாதி உடம்புதான் தெரியும், அதனால் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டான். கழற்றியதும் டெய்லர் சொல்லிக்கொடுத்தபடி கையை உள்ளே மடக்கி, தோளைப் புரட்டி மடித்து வைத்தான். யாரையும் தொட விடவில்லை. என்னையும்தான். "உன் கை கறுப்பு" என்றான். சிரிக்கவில்லை.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் ஜனம். அரியாங்குப்பத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சேலையும் தலையில் முக்காடுமாக வேப்பமரத்தடியில் நின்றேன். தம்பி என் பக்கத்தில். மாமியார் வந்தாள். தம்பியைச் சுற்றி ஒரு சுற்று நடந்தாள். தோளைத் தொட்டாள், கையைப் பிடித்து இறக்கிப் பார்த்தாள். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அவள் முகம் சப்பென்று போனது.

"ம். அளவாத்தான் இருக்குது" என்றாள்.

வலது பக்கப் பாக்கெட்டை அவள் கவனிக்கவே இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் பெரியப்பா ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார். சாம்பல் கலர் சூட்டு, மெடல், தொப்பி. நேராக வந்தார். தம்பியைப் பார்த்தார். இரண்டு அடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விரலை நீட்டிப் பாக்கெட்டைத் தொட்டார்.

"அலே, அலே!" என்று பிரெஞ்சில் கூவினார். "இங்க வந்து பாருங்க எல்லாரும். பாக்கெட்டு எந்தப் பக்கம் இருக்குது? திருப்பின கோட்டு!" கோயில் வாசலே திரும்பிப் பார்த்தது. "சம்பந்தியம்மா, புதுக் கோட்டுன்னா சொன்னாங்க? செத்தவன் கோட்டு இது. உள்பக்கத்த வெளிய காட்டிகினு வந்துட்டான்."

மாமியார் கிட்டே வந்து பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தன் மார்பைத் தடவி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள்.

"எங்கப்பா கோட்டுதான்" என்றேன். "அதுல இன்னா அசிங்கம்?"

"உங்கப்பன் கோட்டா? துணி யாருது? நான் குடுத்தது என் தம்பிக்கு. அவன் போட்டுகினு போவ வுடல நீ. இப்ப இந்தப் பொடியன் போட்டுகினு நிக்கறான்." தம்பி பக்கம் கையை நீட்டினார். "கழட்டுடா."

அம்மா ஓடி வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்தாள். "மாமா, வேணாம் மாமா, நல்ல நாளு" என்றாள். அவர் கையை உதறினார். தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவன் பட்டனைக் கழற்றினான். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். கோட்டை எடுத்து, கையை உள்ளே மடக்கி, தோளைப் புரட்டி, சுருக்கம் விழாமல் மடித்தான். பெரியப்பாவின் நீட்டிய கையின் மேல் போட்டான்.

"இந்தாங்க. உங்களுக்கு ஏறாது" என்றான்.

வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டுமாக நின்றான். சட்டை முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. அந்தச் சட்டை அப்பாவுடையது, கழுத்தில் தொளதொளவென்று இருந்தது.

உள்ளே ஆர்மோனியம் வாசிக்கத் தொடங்கினார்கள். சாமியார் வாசலுக்கு வந்து, "நேரம் ஆவுது. யாரும்மா கூட்டிட்டு வர்றது?" என்றார்.

பெரியப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். மாமியார், "பேசினது பேசினதுதான் சம்பந்தி. கோட்டு இல்லன்னா பெரியவருதான்" என்றாள். அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெற்ற தாய் மகளைக் கும்பிடுகிறாள், விட்டுக்கொடு என்று. அவள் மேல்கூட எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

நான் மாப்பிள்ளையைத் தேடினேன். அவர் கோயில் படியில் நின்றார், புதுக் கோட்டில். அவருக்கு அது கக்கத்தில் இறுக்கமாக இருந்தது, கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் பார்த்தார். பேசினால் அவர் என்ன சொல்வாரோ, அதற்குள் நான் முடித்துவிடவேண்டும் என்று தோன்றியது.

"என் தம்பி கூட்டிகினு வருவான் சாமி" என்றேன். "அவன் வரலன்னா நான் வரல. இவங்க வேற பொண்ணு பாத்துக்கட்டும்."

மாமியார் வாயைத் திறந்தாள். வேன் வைத்து வந்த சொந்தக்காரர்களைப் பார்த்தாள். சமைத்து வைத்திருக்கிற சோற்றை நினைத்தாளோ என்னவோ, வாயை மூடிக்கொண்டாள். சாமியார் என்னையும் தம்பியையும் பார்த்தார். "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தம்பியின் கையைப் பிடித்தேன். "போலாமாக்கா? கோட்டு இல்லாமயா?" என்றான். "நட" என்றேன். அவன் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்தான். பக்கத்துப் பெஞ்சுகளில் இருந்தவர்கள் அவனுடைய சட்டையைத்தான் பார்த்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்கட்டும். பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் என் கையைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அப்பா இருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

பந்தியில் மாமியார் என் காதில், "உன் திமிரு எங்க வூட்டுல செல்லாது" என்றாள். நான் சோற்றைப் பிசைந்தேன். மாப்பிள்ளை அன்று என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உன் தம்பி கோட்ட எதுக்குக் கழட்டினான்? என் கோட்ட விட அதுதான் நல்லா இருந்துச்சி." தம்பி பந்தியிலேயே உட்காரவில்லை. சமையல் கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தான் என்று அம்மா சொன்னாள். கூப்பிடப் போனேன்.

"பெரியப்பா குடுக்க மாட்டாருல்ல?" என்றான்.

"குடுக்க மாட்டாரு."

"அது எனக்குத்தானே அளவெடுத்துத் தச்சிது. வேற யாருக்கும் ஏறாதே."

"ஏறாது. வந்து துன்னு."

கடைசியில் போட்டோ எடுத்தார்கள். பெரியப்பா போயிருப்பார் என்று நினைத்தேன். போகவில்லை. சொல்தா இல்லாமல் குடும்பப் படமா என்று மாமியார்தான் கூப்பிட்டு நிற்க வைத்தாள். என் வலது பக்கம் தம்பி சட்டையோடு நிற்கிறான். இடது ஓரத்தில் பெரியப்பா. மெடல் குத்திய சூட்டோடு, மடித்த கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே வைக்கவும் மனசில்லை, யாரிடமும் கொடுக்கவும் மனசில்லை. ஓட்டல் சர்வர் துண்டைக் கையில் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது.

அந்தப் படத்தைப் பெரிசாக்கிக் கண்ணாடி போட்டு இங்கே அரியாங்குப்பத்து வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். கோட்டை அவர் இன்னும் கொடுக்கவில்லை. தம்பி கேட்கவில்லை. இந்த வருஷத்தில் அவனுக்கு மார்பு அகலமாகிவிட்டது, கொடுத்தாலும் இனிமேல் போட முடியாது.

கூடத்தைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. படத்தையும் துடைக்கிறேன். தம்பி இருக்கிற பக்கத்தை மட்டும்.

"இன்னாடி இது, பாதிக் கண்ணாடி பளிச்சின்னு இருக்குது, பாதி தூசியா இருக்குது?" என்று மாமியார் கேட்பாள்.

"கை எட்டல" என்பேன்.